நிறத்தை நம்பி வரைந்த லோகோ: சிறு நிறுவனங்களுக்காக வடிவமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்துறைக்குப் புதிதாக வந்தவர்கள் சிலர் அண்மைக் காலமாகத் தாங்கள் வரைந்த லோகோக்களைக் கொண்டுவந்து என்னிடம் கருத்துக் கேட்கிறார்கள். அவற்றைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அவர்களுக்குத் திறமை இல்லை என்பதால் அன்று. தொடக்க காலத்தில் நான் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் அவர்களும் செய்திருக்கிறார்கள் என்பதால். ஒரே லோகோவில் நான்கைந்து எழுத்துருக்களைத் திணிப்பதும், பெயரில் எழுத்துப்பிழை விடுவதும், போட்டியாளரின் சின்னத்தை நகலெடுப்பதும் தவறு என்பது எவருக்கும் தெரியும் என்பதால், அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

தொழிலையே படமாக வரைவது

பல் மருத்துவர் என்றால் பல், கட்டடம் கட்டுபவர் என்றால் கூரை, கணினி பழுதுபார்ப்பவர் என்றால் திரை என்று கை தானாகவே வரையத் தொடங்கிவிடுகிறது. வாடிக்கையாளரும் பெரும்பாலும் அதையே கேட்கிறார். அந்தப் படம் அவருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு அவருடைய போட்டியாளர்கள் அனைவருக்கும் பொருந்தும் என்பதுதான் சிக்கல். இன்ன தொழில் என்று விளக்குவதைப் பெயரும் பெயர்ப்பலகையும் பார்த்துக்கொள்ளும். இன்னார் என்று காட்டுவதே லோகோவின் வேலை. கரோலின் டேவிட்சன் 1971-இல் காலணி நிறுவனமான நைக்கிக்கு வரைந்து கொடுத்த குறியில் காலணி எங்கும் இல்லை.

கதை முழுவதையும் ஒரே சின்னத்தில் சொல்வது

ஆப்பிள் நிறுவனத்தின் 1976-ஆம் ஆண்டு லோகோவில் மரத்தடியில் நியூட்டன் அமர்ந்திருந்தார். அடுத்த ஆண்டே ராப் ஜானோஃப் வரைந்த, ஒரு கடி கடித்த ஆப்பிள் அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

நிறத்தில் தொடங்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. காரணம், இதற்கான செலவை வடிவமைப்பாளர் ஏற்பதில்லை, வாடிக்கையாளர்தான் ஏற்கிறார்.

என் தொடக்க காலத்தில், மரத்தில் நாற்காலியும் மேசையும் செய்யும் ஒரு சிறு பட்டறைக்கு லோகோ வரைந்தேன். ஒன்றின்மேல் ஒன்று பாதியளவு படிந்த இரண்டு இலைகள். ஒன்று சிவப்பு, மற்றொன்று பச்சை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நிறம் மற்றொன்றாக மெல்ல மாறும் கிரேடியன்ட். அடியில் மெல்லிய நிழல். திரையில் அது மின்னியது. உரிமையாளர் மனம் மகிழ்ந்து, பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, வண்டியின் பக்கவாட்டு என எல்லாவற்றிலும் அதைப் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் சின்னத்தைச் சூட்டு முத்திரையாகப் பதிக்க விரும்பி, உலோக அச்சு செய்பவரிடம் சென்றார். மரத்தில் சுட்ட இடம், சுடாத இடம் என்று இரண்டு மட்டுமே உண்டு. அச்சு செய்பவர் கேட்டபடி நான் கோப்பை ஒற்றை நிறமாக மாற்றியபோது, இலைகள் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, உருவமற்ற கறுப்புத் திட்டு மட்டும் எஞ்சியது. வெப்பத்தால் ஒற்றை நிறத்தில் அச்சிடும் தெர்மல் பிரிண்டரில் அச்சடித்த ரசீதுகளில் அந்தத் திட்டு முன்பே இருந்திருக்கிறது. எவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவசரத்தில் அச்சு செய்பவர் தம் போக்கில் இலைகளைப் பிரித்து வரைந்துவிட, பலகையில் ஒரு சின்னமும் நாற்காலியில் வேறொரு சின்னமும் ஆயின. கூலி வாங்காமல் மறுபடி வரைந்து கொடுத்தேன். ஆனால் பலகையையும் அட்டைகளையும் வண்டியின் ஸ்டிக்கரையும் மாற்றிய செலவு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழுந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்று பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக மாற்றும் வழக்கமான சூத்திரங்களில் ஒன்று, சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை கொடுக்கிறது. நான் எடுத்த சிவப்பின் மதிப்பு, 0 முதல் 255 வரையிலான அளவில், 255. அதற்குக் கிடைக்கும் சாம்பல் 76. பச்சையின் மதிப்பு 128. அதற்குக் கிடைப்பது 75. கண்ணுக்கு எதிரும் புதிருமாகத் தெரிந்த இரண்டு நிறங்கள், நிறத்தை எடுத்துவிட்டால் ஒன்றேதான். கோடு செய்ய வேண்டிய வேலையை நான் நிறத்திடம் ஒப்படைத்திருந்தேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வை உடையவர்களுக்கு அந்த லோகோ முதல் நாளிலிருந்தே அநேகமாகத் திட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

1961-இல் உலக வனவுயிர் நிதியத்தைத் தொடங்கியவர்கள் பாண்டாவைச் சின்னமாகத் தேர்ந்தெடுத்ததற்கு, அதன் அழகும் அது அழிவின் விளிம்பில் இருந்ததும் மட்டும் காரணம் அல்ல. கறுப்பு வெள்ளையிலேயே எடுபடும் விலங்காக இருந்தால் அச்சுச் செலவு குறையும் என்பதும் அவர்களுடைய கணக்கில் இருந்தது. இன்றைய வடிவத்தில் அந்தப் பாண்டாவின் முதுகுக்குக் கோடே இல்லை. பார்ப்பவரின் கண் அதைத் தானே வரைந்துகொள்கிறது.

ஆகவே இப்போது நான் பென்சிலில் தொடங்கி, கறுப்பால் நிரப்பி, வாடிக்கையாளருக்கும் முதலில் கறுப்பு வடிவத்தை மட்டுமே காட்டுகிறேன். "நிறம் எங்கே?" என்று அனைவரும் கேட்பார்கள், கேட்கட்டும். ஒன்றின்மேல் ஒன்று படியும் வடிவங்களை நிறத்தால் பிரிக்காமல், வெள்ளை இடைவெளியால் பிரிக்க வேண்டும். அந்த இடைவெளியும் மயிரிழையாக இருந்தால் பயனில்லை. ரசீது அச்சடிக்கும் தெர்மல் பிரிண்டர்களில் பல, ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள்தான் பதிக்கும். அதாவது ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். வினைல் ஸ்டிக்கரில் பிளாட்டர் என்னும் வெட்டும் இயந்திரத்தின் கத்தி வெட்டிய பிறகு வேண்டாத பகுதியைக் கையால் உரித்தெடுக்கிறார்கள். மெல்லிய கோடுகள் அதனுடன் சேர்ந்தே வந்துவிடும். எம்பிராய்டரியில் நூலின் தடிமனைவிட மெல்லிய கோட்டைத் தைக்க முடியாது. பெயர் தமிழில் இருந்தால் இன்னும் கவனம் தேவை: சிறிதாக்கும்போது முதலில் புள்ளிகள் மறையும், பிறகு சுழிகள் அடைபடும், ணகரமும் னகரமும் ஒன்றுபோல் தெரியும். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் சாதாரணத் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும்.

கரும்பின்னணிக்கு உரிய வடிவத்தையும் இந்தக் கட்டத்திலேயே வரைந்துவிடுவது நல்லது. நிறங்களைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தினால் போதும் என்று எண்ண வேண்டாம். பாண்டாவைத் தலைகீழாக்கினால், வெள்ளைக் காதும் வெள்ளைக் கண்களும் கொண்ட வேறொரு விலங்குதான் கிடைக்கும்.

எழுத்துரு உரிமம்

இலவசமாகப் பதிவிறக்கியது வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமா என்று உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள்.

ஆயத்த ஐகான்

வேண்டாம். படங்களை விற்கும் தளங்களில் பல, தங்கள் படத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய அனுமதிப்பதில்லை.

ஒரே ஒரு ஜேபெக் கோப்பை அனுப்பிவிட்டு விடைபெறுவது

ஜேபெக் கோப்பில் பின்னணி ஊடுருவித் தெரியாது. வண்ண அட்டையில் வைத்தால் சின்னத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி நிற்கும். பெரிதாக்கினால் விளிம்பு உதிரும். எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவில், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உதிராத வெக்டர் கோப்பு, பின்னணியற்ற பிஎன்ஜி, ஒற்றை நிற வடிவம், கரும்பின்னணி வடிவம் ஆகியவற்றைப் பெயரிட்டுத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அனுப்பும் முன், பெயரில் உள்ள எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால், அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொரு எழுத்துரு தானாக அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பலகை ஏறிய பிறகுதான் அது உங்கள் கண்ணில் படும்.