றங்குப் பெட்டியில் கிடக்கும் காணிப் பெர்மிட்டை லமினேட் பண்ணாதீர்கள்

வன்னியில் அநேகமான வீடுகளில் ஒரு ஷொப்பிங் பை இருக்கும். யுத்தத்தில் உடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள்கூட அதை மட்டும் விடவில்லை. காணிப் பெர்மிட் (அரசாங்கக் காணிக்கான அனுமதிப் பத்திரம்), பிறப்புச் சான்றிதழ், நாலைந்து கலியாணப் படம், எல்லாம் அதற்குள்தான். அந்தப் பையை இன்னும் ஐம்பது வருடம் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் நான் விட்ட பிழை. அப்பப்பாவின் பெர்மிட்டை ஒரு கடையில் கொடுத்து லமினேட் பண்ணினேன். இரண்டு மாரி போனதும் ஓரம் விட்டு ஈரம் உள்ளே போய்விட்டது, இப்போது பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் சுவடிகள் கூடங்களில் இதைச் செய்யவே மாட்டார்கள், பிறகு கழற்ற முடியாத எதையும் தாளுக்குச் செய்யக்கூடாது என்பதுதான் அவர்களுடைய அடிப்படை விதி. கிழிசலை மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும் வைத்து ஒட்டுவார்கள், ஏனென்றால் அந்தப் பசை ஈரம் பட்டால் விட்டுவிடும். செலோடேப் அப்படியில்லை, மஞ்சளாகித் தாளைக் கறைப்படுத்தும். கிழிந்திருந்தால் ஒட்டாமல் அப்படியே ஒரு உறையில் போட்டு வையுங்கள், அது போதும்.

பையை நிழலில் வைத்துப் பிரியுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, றப்பர் பாண்ட் எல்லாவற்றையும் மெதுவாக எடுங்கள், துரு தாளைத் தின்னும். கடிதக் கட்டு இருந்தால் அதன் வரிசையைக் குலைக்காதீர்கள், எது எதோடு இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போன தாள்களைப் பிரிக்கப் போகவேண்டாம். இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், அதற்குள் காயவைக்க முடியாவிட்டால் பையில் கட்டி பிரீசரில் வையுங்கள். (ஐஸ்கிறீம் கடைக்காரரிடம் கேட்டால் சிரிப்பார், ஆனால் இடம் தருவார்.)

சுவடிகள் கூடங்களில் 20 பாகை வெப்பம், ஐம்பது வீதம் அளவில் ஈரப்பதன் என்று பார்த்து வைத்திருப்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே நமக்கு அது சரிவராது. சரி, முடிந்ததைச் செய்வோம்: வீட்டின் நடு அறை, வெளிச்சுவரில் முட்டாமல், கறையான் ஏறாதபடி நிலத்திலிருந்து உயர்த்தி. பத்திரிகைத் தாளில் மட்டும் சுற்றாதீர்கள், அதிலுள்ள அமிலம் மற்றத் தாளையும் மஞ்சளாக்கும். பிளாஸ்டிக் மணம் அடிக்கும் மலிவு உறையும் வேண்டாம்.

அப்புறம் படம் எடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், முன்னும் பின்னும். கோப்புக்கு வருடம், ஊர், ஆளின் பெயர் போடுங்கள். ஒரு பிரதி போனில், ஒன்று பென்டிரைவில், மற்றது கனடாவிலுள்ள சித்தப்பாவிடம். ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது பார்த்துவிட்டோம். பழைய படத்தில் நிற்பது யார் என்று அம்மம்மா இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

பையே தொலைந்துபோனவர்களுக்கும் வழி உண்டு. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுப் பிரதிக்குப் பதிவாளரிடமும் பிரதேச செயலகத்திலும்தான் கேட்க வேண்டும், அதற்காகக் கொழும்புக்குப் பஸ் ஏறாதீர்கள். கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் கூடத்தில் இருப்பது வேறு வகை: ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியுடைய ஆவணக் கட்டுகள் (உலகம் முழுவதும் பரந்து கிடக்கும் அந்தக் கம்பனிச் சுவடிகளை 2003இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது), பிரித்தானியர் காலத்தில் மாகாணங்களை நிர்வகித்த அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள், பழைய பத்திரிகைகள். அச்சகங்கள் தாங்கள் அடித்ததில் பிரதி கொடுக்கவேண்டும் என்று பிரித்தானியர் காலத்திலேயே சட்டம் போட்டிருந்ததால் தமிழ்ப் பத்திரிகையும் அங்கே தேடலாம்.

ஆனால் போய் நின்று "முல்லைத்தீவு பற்றி என்ன இருக்கு?" என்று கேட்டால் கையை விரிப்பார்கள். சுவடிகளை ஊர்வாரியாக அடுக்குவதில்லை, எந்த அலுவலகம் எழுதியதோ அந்த அலுவலகத்தின் பெயரில்தான் இருக்கும். ஆகவே உங்கள் குளத்தைப் பற்றி அந்தக் காலத்தில் யார் எழுதியிருப்பார், கச்சேரியா (அரசாங்க அதிபரின் அலுவலகம்) நீர்ப்பாசனத் திணைக்களமா என்று முதலில் யோசித்து, வருடத்தையும் ஓரளவு பிடித்துக்கொண்டு போங்கள். அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டுபோங்கள். தேடியது கிடைத்தால், கட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பிரதி கேட்கும்போது அந்த இலக்கத்தைத்தான் கேட்பார்கள்.