வேண்டாத எண்ணங்களின் பிடியிலிருந்து மனத்தை மீட்டல்: தோட்டப்புறத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டிவிட்டு மாலையில் வீடு திரும்பும் இளைஞர் முதல், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் முன்னாள் பால்மரத் (ரப்பர்) தொழிலாளி வரை, பலரும் ஒரே குறையை வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள். என்றோ ஒரு நாள் பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் மண்டோர் (மேற்பார்வையாளர்) ஏசியது ஒருவருக்கு இன்னமும் காதில் ஒலிக்கிறது. இன்னொருவர் தமக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாக அஞ்சி இரவில் விளக்கை அணைக்காமல் படுக்கிறார். வேறொருவர் குடிக்கக் கூடாது என்று காலையில் சத்தியம் செய்துவிட்டு மாலையில் தம்மையறியாமல் கடைப்பக்கம் நடக்கிறார். மூவரும் சொல்வது, “மனசு என் பேச்சைக் கேட்கவில்லை” என்பதுதான். அத்தகையோர் வீட்டிலிருந்தபடியே, பெரும் செலவின்றிச் செய்யக்கூடிய பயிற்சிகள் இங்கே சொல்லப்படுகின்றன.

பயிற்சிக்கு முன், அதன் அடிப்படையைப் புரிந்துகொள்வது நல்லது. உயிர் எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் வண்ணமாகவே ஆகிவிடும் என்பது சைவ சித்தாந்தம். பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைப் படிகம் காட்டுவதை இதற்கு உவமையாகச் சொல்வர். செம்பருத்தியின் அருகே சிவந்து தெரியும் படிகத்தை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்தச் சிவப்பு போகாது. அந்தச் செம்பருத்தியை எடுத்துவிட்டு வேறொரு பூவை வைத்தால் போதும். ஆகவே ஓர் எண்ணத்தை எதிர்த்துப் போராடுவதும், “இதை நினைக்கவே மாட்டேன்” என்று பல்லைக் கடிப்பதும் வீண் வேலை. நினைக்கக் கூடாது என்று உறுதி எடுக்கும்போதே அதை ஒருமுறை நினைத்துவிடுகிறோம். மனம் சாய்ந்திருக்கும் இடத்தை மாற்றுவதே செய்ய வேண்டியது. சென்ற இடமெல்லாம் செல்லவிடாமல், தீயதிலிருந்து விலக்கி, நல்லதன்பால் செலுத்துவதே அறிவு என்று திருக்குறளின் 422ஆம் பாட்டும் கூறுகிறது. அதில் விலக்குதலோடு செலுத்துதலும் சேர்ந்தே வருவதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வரை எதையும் மாற்ற முயலாமல், உங்களைப் பிடித்து ஆட்டும் எண்ணம் எப்போது வந்தது, அதற்குச் சற்று முன் எங்கே இருந்தீர்கள், யாரோடு பேசினீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் இரவில் இரண்டு மூன்று வரிகளில் எழுதி வையுங்கள். பெரும்பாலோருக்கு வாரக் கடைசியில் ஓர் ஒழுங்கு புலப்படும்: சம்பள நாள் மாலை, குறிப்பிட்ட உறவினர் வந்துபோன இரவு, தூக்கம் வராமல் கைப்பேசியில் சண்டைக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்று அது ஏதாவதொரு வாசல் வழியாகவே உள்ளே வருகிறது. வாசல் தெரிந்த பிறகு அதைச் சாத்துவது எளிது. கைப்பேசியைப் படுக்கும் அறைக்கு வெளியே வைப்பது, சம்பள நாளன்று நேராக வீட்டுக்கு வருவது ஆகியவற்றைப் பற்றி இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது நேரம். பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்று கேட்டு, தமிழகத்துப் பஞ்சாங்கத்தையோ புத்தகத்தையோ பார்த்து, விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிபவர்கள் இங்கே உண்டு. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்திற்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிவது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் அரைமணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. பேராக் பகுதியில் சூரியன் ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான் உதிக்கிறது. ஆக, நமக்கு அந்த வேளை ஏறக்குறைய ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை அமையும். பள்ளிவாசலின் சுபு (விடியற்காலைத் தொழுகை) பாங்கும் பெரும்பாலும் இதற்குள்ளேயே ஒலிக்கும். அதை நேரம் அறிவிக்கும் மணியாகக் கொள்வதில் தவறேதும் இல்லை. இரவு வேலை முடித்துக் காலையில் திரும்புவோர் இதைப் பற்றிக் கவலைப்படாமல், குளித்து முடித்த உடனே ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளலாம். எந்த வேளை என்பதைவிட, நாள்தோறும் அதே வேளை என்பதுதான் முக்கியம்.

உட்காரும் பயிற்சிக்குச் செல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனம் மிகவும் கலங்கியிருப்பவரைக் கண்மூடி உட்காரச் சொன்னால், அவர் அந்த எண்ணத்தோடு தனியாக விடப்பட்டவராகிறார். கலக்கம் கூடுமேயன்றிக் குறையாது. சைவ நெறி சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வைத்து, உடலால் செய்யும் தொண்டாகிய சரியையை முதற்படியாக வைத்ததற்கு, என் கருத்தில், இதுவும் ஒரு காரணம். ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில் பிராகாரங்களின் புல்லைச் செதுக்கினார். நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலோ முனீஸ்வரர் சந்நிதியோ இல்லாத இடம் அரிது. தோட்டம் கைமாறி மக்கள் வெளியேறிய பிறகு கூட்டுவாரில்லாமல் கிடக்கும் கோயில்களும் பல. அங்கே வாரம் இருமுறை சென்று, சருகு கூட்டி, விளக்குத் துலக்கி, பூத்தொடுத்து வருவது, கலங்கிய மனத்துக்கு ஒரு மணி நேரத் தியானத்தைவிட நல்ல மருந்து. தொண்டு செய்யும்போது வாய் ஏதாவது ஒரு தேவாரத்தையோ நாமத்தையோ சொல்லிக்கொண்டிருந்தால் கையும் வாயும் மனமும் ஒரே இடத்தில் சாய்கின்றன. ஓரளவு அமைதி கண்ட பிறகே உட்காரலாம்.

உட்கார்ந்ததும் மூச்சைச் சீராக்குங்கள். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பதினாறு மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) உள்ளிழுத்து, அறுபத்து நான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடும் முறையைக் கூறுகிறார். அது குருவின் நேர்ப்பார்வையில் படிப்படியாகப் பழக வேண்டியது; காணொளியைப் பார்த்து மூச்சை அடக்கிப் பழகுவது, குறிப்பாக இரத்த அழுத்தமும் இருதய நோயும் உள்ளவர்களுக்கு, ஆபத்து. நமக்கு அந்த முறையின் ஒரு பகுதி போதும்: உள்ளிழுப்பதைப்போல் இருமடங்கு நேரம் வெளிவிடுவது. நான்கு எண்ணும் வரை இழுத்து, எட்டு எண்ணும் வரை மெல்ல வெளிவிட்டு, எங்கும் நிறுத்தாமல், பன்னிரண்டு முறை செய்யுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சுவிடுங்கள். திடீரென்று கோபமோ அச்சமோ எழும் வேளையில், வேலையிடத்தில் நின்றபடியேகூட இதைச் செய்யலாம்.

மூச்சு அடங்கியதும் செபம். “நமசிவாய”, “சரவணபவ”, அல்லது குலதெய்வத்தின் பெயர் என எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பின் மாற்றக் கூடாது. கிறிஸ்தவத் தமிழர்களும் தமிழ் முஸ்லிம்களும் தத்தம் செபத்தையும் திக்ரையும் இதே முறையில் ஓதலாம். எண்ணத்தின் வேகம் அதிகமாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். தணிந்தபின் உதடு மட்டும் அசையட்டும். நன்றாக அடங்கியபின் மனத்துக்குள் சொல்லுங்கள். பலர் முதல் நாளே மனத்துக்குள் சொல்லத் தொடங்கி, ஐந்தாம் நிமிடத்தில் பழைய சண்டையை நினைத்துக்கொண்டிருப்பார்கள். மனம் விலகிப் போனது தெரிந்தால், அதைக் கடிந்துகொள்ளாமல், விட்ட இடத்திலிருந்து நாமத்தைத் தொடர வேண்டும். அப்படித் திரும்பி வருவதே பயிற்சி. பால்மரம் வெட்டுவோர் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போது செபிக்கலாம். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அரிவாள் கையில் இருக்கும்போதும், மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் கவனம் முழுவதும் அந்த வேலையிலேயே இருக்கட்டும்.

மனத்துக்குள் சொல்வது கைவராதவர்களுக்கு எழுதும் செபம் உண்டு. இதைப் பெரிதும் வலியுறுத்தியவர் சுவாமி சிவானந்தர். பத்தமடையில் 1887இல் பிறந்த அவர், 1913இல் மருத்துவராக மலாயாவுக்கு வந்து, நெகிரி செம்பிலானில் ஒரு தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலும் பணியாற்றி, 1923இல் துறவை நாடி இந்தியா திரும்பினார். நம் பாட்டன்மாரின் காய்ச்சலையும் புண்ணையும் பார்த்த கைகளே பின்னாளில் இதைப் பரப்பின என்பது தோட்டத்து மக்களுக்குச் சற்று நெருக்கமான செய்தி. நாளொன்றுக்கு 108 முறை, ஒரே இருக்கையில், பேசாமல், ஒவ்வொரு முறையும் எழுதும்போதே மெல்ல உச்சரித்து எழுத வேண்டும். கண், கை, வாய் மூன்றும் கட்டுண்டிருப்பதால் மனம் தப்பிப் போக இடம் குறைவு.

கந்த சஷ்டி கவசம் நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கிறது. சூலமங்கலம் சகோதரிகளின் குரலை ஓடவிட்டுவிட்டுச் சமையலைக் கவனிப்பது வீட்டுக்கு மங்கலம்தான். ஆனால் அது பாராயணம் ஆகாது. அந்தப் பாட்டின் நடுப்பகுதி, தலை தொடங்கிப் பாதம் வரை, ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி வேலின் காவலில் வைக்கிறது. பெயர் வரும்போது கவனத்தை அந்த உறுப்பில் வைத்து, அங்கே இறுக்கம் இருந்தால் தளர்த்தி, பிறகு அடுத்த வரிக்குச் செல்லுங்கள். நாளுக்கு முப்பத்தாறு உரு ஓதுமாறு கவசமே சொல்கிறது. இவ்விதம் நிதானமாக ஒரு முறை ஓதுவதும் படுக்கப் போகுமுன் அச்சத்தைத் தணிக்க உதவும்.

பகையும் மனத்தாங்கலும் இன்னும் ஆழமாக வேரூன்றுவன. பதஞ்சலி யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் 33ஆம் சூத்திரம், தீய எண்ணங்கள் வருத்தும்போது அவற்றுக்கு எதிரானவற்றைப் பாவிக்கச் சொல்கிறது. இதைப் பொதுவாகச் செய்தால் பயன் இராது. வீட்டு இழப்பீட்டுப் பணத்தில் அண்ணன் ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் வாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். “எல்லாரும் நல்லவர்” என்று சொல்லிக்கொண்டால் மனம் நம்பாது. அந்த அண்ணனே சிறுவயதில் உங்களைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டிருந்தால், அந்த ஒரு நிகழ்ச்சியை முழுமையாக நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஏமாற்றியதும் உண்மை, இதுவும் உண்மை. பணத்தைக் கேட்க வேண்டுமானால் பகலில், சாட்சியோடு, முறையாகக் கேளுங்கள். இரவில் படுக்கையில் அந்த வழக்கை நடத்த வேண்டாம். தீமை செய்தவரிடம் நல்ல நினைவு ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், முதற்பாதத்தின் 33ஆம் சூத்திரம் கூறும் உபேட்சை, அதாவது அவரை மனத்தளவில் பொருட்படுத்தாமல் விடுதல், போதும்; வலிந்து அன்பு காட்டத் தேவையில்லை.

“இந்த எண்ணம் யாருக்கு வந்தது?” என்று கேட்டு, “எனக்கு” என்ற விடை வந்ததும், “அந்த நான் யார்?” என்று உள்நோக்கித் திரும்பும் இரமண மகரிஷியின் விசாரணை மிக நேரான வழி. ஆனாலும் செபம் ஓரளவு நிலைத்த பின்னரே இதைத் தொடுவது நல்லது. அச்சத்தில் இருப்பவர் இதைச் செய்தால் குழப்பமே மிஞ்சும்.

செய்வினை பற்றிய அச்சத்தைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குறி சொல்பவரிடமோ போமோவிடமோ (மலாய் மந்திரவாதி) போய், நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக் கழிப்புக் கழித்து வந்தவர்களுக்குச் சில நாள் நிம்மதி கிடைக்கலாம். ஆனால் “உன் வீட்டுக்கு வந்துபோகும் ஒருத்திதான் இதைச் செய்தாள்” என்ற ஒரு சொல் கூடவே வந்துவிட்டால், கழிந்தது ஒன்று, நுழைந்தது பத்து. அடையாளம் சொல்லி உறவினர் மீது பழி போடுபவர், ஒவ்வொரு முறையும் பரிகாரத் தொகையை ஏற்றுபவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். முனீஸ்வரர் முன் விளக்கேற்றி, அச்சத்தை வாய்விட்டுச் சொல்லி, திருநீறு பூசிக்கொண்டு வருவதற்கு யாரும் இடையில் தேவையில்லை. கயிறு கட்டிக்கொள்வதாலும் தீமையில்லை. கயிறு அறுந்தால் உயிர் போய்விடும் என்று நம்பத் தொடங்கினால் அந்தக் கயிறே புதிய கட்டாகிவிடும்.

இந்தப் பயிற்சிகளால் தீராதவையும் உண்டு. பிறர் காதில் விழாத குரல்கள் கட்டளையிடுவது, பல நாள் தூக்கமே இல்லாதது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருவது ஆகியவற்றுக்குக் கோயிலோடு மருத்துவரும் வேண்டும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டதால், போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. மாத்திரை சாப்பிடுபவர் செபம் செய்வதற்கு எந்தத் தடையும் கிடையாது.

தைப்பூசத்துக்கு விரதம் இருப்பதைப்போல, இவற்றை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என்று வகுத்துக்கொண்டு தொடங்கலாம். காலையில் மூச்சும் செபமுமாக அரைமணி நேரம், இரவில் கவசம், வாரம் இருமுறை கோயில் தொண்டு என்ற அளவே வேலைக்குப் போகிறவர்களுக்குப் போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இருமடங்கு செய்ய முயலாமல், வழக்கமான அளவோடு தொடருங்கள். எண்ணம் அறவே வராமல் நின்றுவிட்டதா என்று பார்த்தால் ஏமாற்றமே கிடைக்கும். அது வந்தபின் எவ்வளவு நேரம் உங்களை இழுத்துக்கொண்டு போகிறது என்பதை நோட்டுப்புத்தகத்தில் குறித்து வாருங்கள். முன்பு மாலை முழுவதையும் விழுங்கியது இப்போது ஒரு தேநீர் ஆறும் நேரத்தில் விலகுகிறது என்றால், அதே முறையை அடுத்த மண்டலத்துக்கும் நீட்டிக்கலாம்.