கடல்நீர்த் தொட்டியில் கட்டுமீறிப் படரும் மென்பவளங்களை ஒடுக்கும் முறை

கோவை, திருப்பூர் பக்கம் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஸீனியா, கிரீன் ஸ்டார் பாலிப் என்னும் மென்பவளங்களை (கல்போன்ற கூடு இல்லாத பவளங்களை) எப்படி அடக்குவது என்பதைத்தான். கல்பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இங்கே மென்பவளங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உப்பு கலப்பது, ஸ்கிம்மர் (நுரைவழி அழுக்கை நீக்கும் கருவி) பொருத்துவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்றே கொள்கிறேன்.

முதலில், படர்வது எது என்று அறிந்துகொள்ளுங்கள். ஸீனியா பாறைமேல் மெல்ல ஊர்ந்து, போகிற வழியில் குட்டிகளை விட்டுச் செல்லும். கிரீன் ஸ்டார் பாலிப் ஊதா நிறப் பாயாகப் பரவும். கென்யா ட்ரீ என்னும் மரம்போன்ற மென்பவளம் தன் கிளை நுனிகளைத் தானே உதிர்க்கும். அவை நீரோட்டத்தில் போய் எங்கே தங்கினாலும் வேர்விடும். படர்வது ஜோவாந்தஸ் வகையாக (பொத்தான்போல் கூட்டமாக வளரும் பவள உறவினமாக) இருந்தால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அவற்றுள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அந்தப் பாறையை வெந்நீரில் போடுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

அடுத்து, படரும் பவளம் இருக்கும் பாறையைப் பிரதானப் பாறைக் குவியலிலிருந்து பிரித்து மணல்மேல் தனியாக வையுங்கள். சுற்றிலும் குறைந்தது நான்கு விரற்கடை, முடிந்தால் ஒரு சாண் வெறும் மணல் இருக்கட்டும். புதிதாகத் தொட்டி அமைப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிட்டால், பின்னால் வரும் வேலையில் பெரும்பகுதி மிச்சம். கென்யா ட்ரீக்கு மட்டும் இந்த இடைவெளி பயன்படாது. உதிர்ந்த நுனிகளை இடுக்கியால் அன்றாடம் பொறுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, சுரண்டி எடுப்பது. பலரும் இடறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வேலைக்கு முந்தைய நாளே நீரிலுள்ள வேதிப்பொருள்களை உறிஞ்சும் புதிய ஆக்டிவேட்டட் கார்பனைப் போட்டுவிடுங்கள். காயம்பட்ட மென்பவளங்கள் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் விடும். கார்பன் இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் பவளங்கள் சுருங்கிப்போகும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டி நீரை ஒரு வாளியில் பிடித்து, பாறையை அதற்குள் வைத்து வேலை செய்யுங்கள். பாறையை எடுக்க முடியாதபோது பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்பை) நிறுத்திவிட்டு, ஒருவர் சுரண்ட, இன்னொருவர் சைஃபன் குழாயை அருகிலேயே பிடித்து, துணுக்குகளைத் துணிவடிகட்டி கட்டிய வாளிக்குள் இழுக்க வேண்டும். மிதந்துபோகும் ஒவ்வொரு துணுக்கும் புதிய கூட்டமாகிவிடும்.

கிரீன் ஸ்டார் பாலிப்பின் பாலிப்கள் (பாயிலிருந்து நீளும் பூப்போன்ற சிற்றுயிர்கள்) உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு ஊதாப் பாயை உற்றுப் பாருங்கள். அதன் ஓரத்திலிருந்து மெல்லிய நாக்குப் போன்ற நீட்சிகள் பாறைத் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். பிளேடின் முனையை ஓரத்தில் நுழைத்து நெம்பினால் பாய் தோல் உரிவதுபோல் பெரிய துண்டாக வரும். அந்த நீட்சி மட்டும் அறுந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். கிழங்கை விட்டுவிட்டுக் கோரையைப் பிடுங்கினால் தோட்டம் என்ன ஆகும் என்பது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும், இதுவும் அப்படித்தான். கம்பித் தூரிகையை நான் பரிந்துரைப்பதே இல்லை, அது பாயைத் தூளாக்கித் தொட்டி முழுவதும் விதைத்துவிடும். அறுவைப் பிளேடு, நீண்ட இடுக்கி, சிறு உளி ஆகிய மூன்றும் போதும். பாய் ஒட்டியிருக்கும் மேல்பரப்பை உளியால் பாறையோடு சேர்த்துப் பெயர்த்தெடுப்பதே என் அனுபவத்தில் நிச்சயமான வழி. ஸீனியாவையும் தண்டில் வெட்டாமல், அடிப்பாதத்தோடு இப்படியே பெயர்த்தெடுங்கள்.

ஒரே நாளில் முழுவதையும் எடுக்காதீர்கள். வாரத்துக்குக் கொஞ்சமாக எடுங்கள்.

நான்காவது, துளைகளில் மிஞ்சியதை அடைப்பது. பாறையின் அந்த இடத்தைத் துணியால் ஒற்றி, ஜெல் வகை சூப்பர் க்ளூவால் மூடுங்கள். ஆழமான துளையானால், தொட்டிக்கென்று விற்கும் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடை (நீற்றுச் சுண்ணாம்பை) குழைத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் சில சொட்டு மட்டும் வையுங்கள். அதன் பி.எச். 12-ஐத் தாண்டும் என்பதால் அதிகம் போனால் தொட்டியின் பி.எச். குப்பென ஏறிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு, அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது என்பதால் வேண்டாம் என்றே சொல்வேன்.

தண்ணீரையும் கவனியுங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிய நீரில் இவை கொழுத்து வளரும். போர்வெல் தண்ணீரைத் தவிர்த்து ஆர்.ஓ. நீரில் மட்டுமே உப்பைக் கலக்குங்கள். மீனுக்குத் தீனியைக் குறையுங்கள். ஆனால் நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளிபோல் படரும் நுண்ணுயிர் வந்து சேரும். 5 முதல் 10 பி.பி.எம். போதுமானது.

எடுத்த துணுக்குகளை நன்னீரில் ஊறவைத்துக் கொன்ற பிறகே குப்பையில் போடுங்கள். கேரளக் கடற்கரைக்கோ இராமேசுவரத்துக்கோ போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காக் கடலில் யூனோமியா என்னும் ஸீனியா குடும்ப மென்பவளம் புகுந்து, அங்கிருந்த கல்பவளத்தையும் கடற்புல்லையும் மூடி அழித்துவருகிறது. அது தொட்டி வணிகத்தின் வழியாக வந்ததாகவே கருதுகிறார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஈரோட்டு அன்பர் ஒருவர், மாட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோலைத் தொட்டியில் போடலாமா என்று கேட்டிருந்தார். அது ஸீனியாவையும் கிரீன் ஸ்டார் பாலிப்பையும் கொல்லும் என்பது உண்மை. கூடவே நத்தைகளையும், பாறைக்குள் வாழும் புழுக்களையும் கொல்லும். அவை செத்து அழுகினால் அம்மோனியா ஏறும். பாறையில் ஊறிய மருந்து நெடுநாள் தங்குவதால், பிறகு விடும் நத்தைகளும் பிழைப்பதில்லை. பயன்படுத்தியே தீர வேண்டுமானால், பாதிக்கப்பட்ட பாறையை மட்டும் தனி வாளியில் வைத்து மருந்திடுங்கள். அந்தப் பாறையை மீண்டும் நத்தைகள் இருக்கும் தொட்டிக்குள் சேர்க்காதீர்கள்.