தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து இங்கிலாந்து வந்திருக்கிறீர்களா? அம்மா அப்பாவை அழைக்கும் முன் படியுங்கள்

வீடு கிடைத்ததும் பக்கத்திலுள்ள ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பெயரைப் பதிந்துவிடுங்கள், காசு கிடையாது. அரூரிலோ பாலக்கோட்டிலோ டோக்கன் வாங்கி அன்றைக்கே டாக்டரைப் பார்த்துப் பழகியிருப்போம். இங்கே சில நாள் காத்திருக்க வேண்டிவரும். சின்ன உபாதைக்கு மருந்துக்கடையிலேயே ஆலோசனை கேட்கலாம். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 111. உயிருக்கு ஆபத்தென்றால் 999, நம்மூர் 108 போல.

வேலை விசாவுக்கே ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள் (நர்ஸ் வேலை விசாவுக்கு அது இல்லை). அதனால் என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவ சேவை) ஆஸ்பத்திரியில் படுத்தால் உங்களுக்குப் பில் வராது. சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, 2025 நிலவரப்படி.

எனக்குக் கவலையெல்லாம் சுற்றுலா விசாவில் வரும் பெற்றோரைப் பற்றித்தான். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். வார்டில் சேர்த்தால் என்.எச்.எஸ். செலவில் ஒன்றரை மடங்கு கேட்பார்கள். 500 பவுண்டுக்கு மேல் இரண்டு மாதம் பாக்கி நின்றால் அடுத்த விசாவே மறுக்கப்படலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது. ஆகவே பயணக் காப்பீடு எடுத்த பிறகே டிக்கெட் போடுங்கள். சுகர், பிரஷர் இருப்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் காப்பீட்டுப் பணம் கைக்கு வராமல் போகலாம். பழைய நோய்க்கும் பணம் தருவார்களா என்று பாலிசியில் தேடிப் படியுங்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பலருடைய பெற்றோருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பயணத் தேதியை அந்தத் தன்னார்வலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தங்கும் நாளுக்குப் போதுமான மாத்திரையும் டாக்டரின் ஆங்கிலக் கடிதமும் வேண்டும். "வெள்ள மாத்திரை காலைல, மஞ்ச மாத்திரை ராத்திரி" என்று அம்மா சொன்னால் இங்குள்ள நர்ஸுக்கு ஒன்றும் விளங்காது. மெட்பார்மின் 500, அம்லோடிபின் 5 என்று மருந்தின் பெயரும் அளவும் இருக்கட்டும். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

வார்டில் சேர்த்தால், தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் போலக் கட்டிலடியில் பாய் விரித்துக் கூடவே படுக்க எதிர்பார்க்காதீர்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் நர்ஸும் உதவியாளர்களும் பார்ப்பார்கள். நீங்கள் பார்வை நேரத்தில் போகலாம். மொழி தெரியாத அம்மா பயந்துதான் போவார். சேர்க்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், போனிலும் கிடைப்பார்கள். சாப்பாடு சைவமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். களி, ரசம் ஏதாவது கொண்டுபோவதென்றால் வார்டு நர்ஸிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.