மேடை நடிகரின் வரலாற்றைத் தொகுக்க: நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள்

மேடையில் ராஜபார்ட்டாக (கதாநாயகன் வேடம்) தொடங்கி, பிறகு நாரதராகவும் வள்ளியின் அப்பா நம்பிராஜனாகவும் ஆடி, நடுவே சில படங்களிலும் தலைகாட்டிய ஒரு மூத்த நடிகரின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், முதலில் இடிப்பது ஆண்டுக் கணக்குதான். ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, ஒரே இரவுக்கு ஒன்று சேர்ப்பார்கள். அதனால் கம்பெனிக் கணக்கு என்று எதுவும் தேறாது. நாடக நோட்டீஸ், நடிகரின் தேதி டைரி, ஊர்த் திருவிழாக் கமிட்டியின் வரவு செலவு நோட்டு, இவற்றைத்தான் நம்ப வேண்டும்.

பழைய நோட்டீஸ் பலவற்றில் ஆங்கில ஆண்டு இருக்காது. தமிழ் வருடப் பெயர், மாதம், தேதி, கிழமை மட்டும் இருக்கும். வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், நடிகரின் வயதைப் பார்த்தாலே எந்தச் சுற்று என்பது தெரிந்துவிடும். குரோதி 1964-65, பிரபவ 1987-88. இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கரையோர ஊர்களில் மாசி, பங்குனியில் நாடகம் அதிகம். அந்த மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். குரோதி பங்குனி என்றால் 1964 அல்ல, 1965. மார்கழி இன்னும் மோசம்: முதல் பாதி டிசம்பர், பின்பாதி ஜனவரி. வருடப் பெயரும் இல்லையென்றால் கிழமையைப் பிடியுங்கள். வைகாசி 15 வெள்ளிக்கிழமை என்பது பத்தாண்டுக்குள் ஓரிரு முறைதான் வரும். பழைய பஞ்சாங்கம் மிச்சத்தைச் சொல்லிவிடும். அச்சகத்தின் முகவரியையும் விடாதீர்கள். பின்கோடு இருந்தால் நோட்டீஸ் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது.

நாடகம் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும். நோட்டீஸில் இருப்பது தொடங்கிய நாளின் தேதி. "வெள்ளிக்கிழமை விடியக்காலை மயானக் காட்சியில் ஆடினேன்" என்று அவர் சொன்னால், வியாழன் நோட்டீஸைத் தேடுங்கள்.

மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். 1985-க்கு முன் அச்சான நோட்டீஸில் "முகவை மாவட்டம்" (அன்றைய பெரிய ராமநாதபுரம் மாவட்டம்) என்றிருந்தால் அது காரைக்குடியாகவும் இருக்கலாம், அருப்புக்கோட்டையாகவும் இருக்கலாம். இன்றைய எல்லையை மனதில் வைத்து ஊரைத் தேடினால் கிடைக்காது.

நோட்டீஸ் முன்கூட்டியே அச்சாவது. உடம்புக்கு முடியாமலோ வேறு இடத்தில் தேதி கொடுத்துவிட்டோ ஆள் மாறியிருக்கலாம். ஆகவே குறிப்பில் "நோட்டீஸில் பெயர்", "ஆடியது" என்று இரண்டு கட்டம் போடுங்கள். இரண்டாவதை நிரப்ப, அட்வான்ஸும் சம்பளமும் யார் பெயரில் எழுதியிருக்கிறது என்று கமிட்டி நோட்டில் பாருங்கள். இந்த வேலையில் அதைவிட நேர்மையான ஏடு வேறு இல்லை.

நேரில் பேசும்போது "எந்த வருஷம்?" என்று கேட்டால் தோராயமாக ஒரு பதில்தான் வரும். எல்லாருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள். தனுஷ்கோடி புயலுக்கு (1964 டிசம்பர் 22-23) முந்தியா, பிந்தியா? ராமேஸ்வரம் நாடகத்துக்கு ரயிலில் போனீர்களா, வேனிலேயே போனீர்களா? பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-இல்தான் திறந்தது; வேனில் கடலைத் தாண்டியிருந்தால் அதற்குப் பிறகுதான். வேடத்தையும் விவரமாகக் கேளுங்கள். வள்ளி திருமணத்தில் "முருகன் வேஷம்" என்றால் போதாது. வேலன், வேடன், விருத்தன் (கிழவர்) மூன்றையும் அவரே ஆடினாரா என்று கேளுங்கள். எத்தனை கட்டையில் (சுருதியின் உயரம்) பாடினார், எப்போது சுருதி இறக்கினார் என்பதையும் எழுதுங்கள். ராஜபார்ட்டை விட்டு வேறு வேடத்துக்கு வந்த காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேட்டியைக் காலையிலேயே பதிவு செய்யுங்கள். பிற்பகலில் கடல்காற்று ஏறினால் மைக்கில் இரைச்சல்தான் விழும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

சினிமாப் பகுதி சிறியதுதான், குழப்பமோ அதிகம். நடிகர் நினைவில் வைத்திருப்பது ஷூட்டிங் போன ஆண்டு. பத்திரிகையில் இருப்பது வெளியான ஆண்டு. படத்தின் தொடக்கத்தில் காட்டும் தணிக்கைச் சான்றிதழில் இருப்பது வேறொரு தேதி. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். துணை வேடங்களுக்கு டைட்டிலில் பெயர் வராமல் போகும். அதனால் படத்தைப் போட்டு, அவர் வரும் இடத்தை மணி-நிமிடக் கணக்கில் குறியுங்கள். குரல் அவருடையதா, டப்பிங்கா என்பதும் தனிக் கேள்வி. மேடையில் ஊர்ப் பெயரோடும் படத்தில் இனிஷியலோடும் வந்திருந்தால் இரண்டு பெயரையும் சேர்த்தே பதியுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் இரண்டு ஆளாக்கிவிடுவார்.

உப்புக் காற்றில் காகிதம் சீக்கிரம் நைந்துபோகும். நோட்டீஸை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவை உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படமெடுங்கள். தனிப் படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போட வேண்டாம். ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நல்ல கேசட் என்றாலும், ஓட்டுவதற்கு முன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தான் அழுந்தினாலும் பாட்டு அழியாது.