வேனுக்கும் படகுக்கும் 10 லிட்டர் ஹீட்டரே போதும்

வேனிலோ படகிலோ கேஸ் ஹீட்டர் பொருத்த நினைக்கும் டெல்டாக்காரர்கள் 10 லிட்டர் தொட்டி உள்ள சிறிய வகையையே வாங்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தண்ணீர் 27 டிகிரி அளவில் இருக்கும்போது, 60 டிகிரிக்குச் சூடான அந்த 10 லிட்டரோடு 15 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கலந்தால், குளிப்பதற்கு இதமான 40 டிகிரியில் 25 லிட்டர், அதாவது ஒரு வாளிக்கு மேலேயே கிடைத்துவிடும். நான்கு பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டாருக்கும், கொடைக்கானல் குளிருக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 15 டிகிரித் தண்ணீரில் அதே தொட்டி 18 லிட்டரே தரும். அளவு எதுவானாலும், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியே தள்ளும் வகையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.