வண்ணத்துப்பூச்சித் தோட்டம்: புழுவிலிருந்து தொடங்குங்கள்

முதல் வருடம் பூச்செடிகளாகவே வாங்கி வைத்தேன். வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, தேன் குடித்தன, போய்விட்டன. முட்டையிட அவற்றுக்கு ஏற்ற இலை ஒன்றுகூட என்னிடம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அதனால் நான் கடைசியில் செய்ததை, அதாவது புழு தின்னும் செடி வைப்பதை, நீங்கள் முதலில் செய்யுங்கள்.

1. இடம்

நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும், காற்று அதிகம் அடிக்கக் கூடாது. காலையில் இறகை விரித்து வெயில் காய்ந்து உடம்பு சூடேறிய பிறகுதான் இவை நன்றாகப் பறக்கும். உட்கார ஒரு தட்டைக் கல் போட்டுவையுங்கள். மொட்டைமாடித் தொட்டிகளுக்கும் இதே கணக்குத்தான்.

2. புழுவுக்கான செடி

ஒவ்வொரு இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தின்னும். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சை, நாரத்தை. கறிவேப்பிலை அழகிக்கு அதே குடும்பத்துக் கறிவேப்பிலை. வெந்தய வரியனுக்கு எருக்கு (பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கவனம்). தாய்ப்பூச்சி இலைமேல் இறங்கி முன்னங்காலால் தட்டித் தட்டி ருசி பார்த்து, சரியான செடிதான் என்று தெரிந்த பிறகே முட்டையிடும், ஒருமுறை நின்று பாருங்கள், அவ்வளவு அழகு. தொடக்கத்துக்கு ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை போதும்.

3. மருந்து படாத செடி

நான் சறுக்கிய இடம் இது. வாங்கி வந்த எலுமிச்சைக் கன்றில் ஒரே வாரத்தில் முட்டைகள். சந்தோஷமாக இருந்தது. பொரித்த புழுக்கள் இரண்டு நாளில் சுருண்டு செத்தன, அடுத்த முட்டைகளுக்கும் அதே கதி. இலையைக் கழுவிப் பார்த்தும் பயனில்லை. விசாரித்தால், விற்பனைக்கு வரும் முன்பே கன்றுக்கு ஊடுருவும் பூச்சிக்கொல்லி கொடுத்திருக்கிறார்கள். அது சாற்றோடு கலந்து செடி முழுக்கப் பரவிவிடும், கழுவினால் போகாது, மாதக்கணக்கில்கூட நிற்கும். இப்போது நான் புழுவுக்கான செடியை விதையிலிருந்தோ, மருந்தே அடிக்காத வீட்டுச் செடியின் பதியத்திலிருந்தோதான் வளர்க்கிறேன். மெதுவாகத்தான் வளரும், பரவாயில்லை.

'இயற்கை' என்று எழுதியிருப்பதையும் நம்பி அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய் புழுக்களையும் பாதிக்கும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா கலந்த மருந்துகளில் பல, புழுக்களைக் கொல்வதற்கென்றே வந்தவை. அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) வந்தால் பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் தண்ணீர் அடிக்கிறேன். ஸ்ப்ரேயருக்கு இந்தத் தோட்டத்தில் வேலையே இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு கைலென்ஸ் வாங்குங்கள், முட்டையைப் பார்க்க உதவும்.

4. தேன் செடி

பெரிய பூச்சிகளுக்கு வெட்சி. நீண்ட குழல் பூவில் அவற்றின் உறிஞ்சுகுழல் நன்றாக எட்டும். சின்னவற்றுக்குத் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டே விருந்து, பிடுங்கிப் போடாதீர்கள். அடுக்கு இதழ்ப் பூக்களைவிட ஒற்றை இதழ்ப் பூக்கள் நல்லது. உண்ணிச்செடிக்குக் கூட்டம் வரும், ஆனாலும் நான் நட மாட்டேன், பறவைகள் பழத்தைத் தின்று வெளியெங்கும் பரப்பிவிடும்.

5. ஈர மணல்

ஒரு மண் தட்டில் மணல், கொஞ்சம் மட்கு உரம், எப்போதும் ஈரம். பெரும்பாலும் ஆண்பூச்சிகள்தான் உப்புச் சத்துக்காக இதில் வந்து உறிஞ்சும். தண்ணீர் தேங்க வேண்டாம்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒருவர், எலுமிச்சை இலையில் இருந்த பறவை எச்சத்தைத் தினமும் துடைத்துவிடுவதாக எழுதியிருந்தார். நிறுத்துங்கள்! எலுமிச்சை அழகியின் சின்னப் புழு அப்படித்தான் இருக்கும், எதிரிகளை ஏமாற்றும் வேஷம் அது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி வாடை விடும், அதை வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

கொழுத்த புழு திடீரென்று காணாமல் போனது என்று கேட்டவர்களுக்கு: பறவை கொத்தியிருக்கலாம், ஆனால் கூட்டுப்புழுவாக மாற இடம் தேடியும் அது நகர்ந்து போகும், பக்கத்துச் செடி, தொட்டி விளிம்பு, சுவர் எல்லாம் பாருங்கள். கூடு கறுத்து உள்ளே இறகின் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் மறுநாள் காலை வண்ணத்துப்பூச்சி வெளியே வந்துவிடும். வெளியே வந்தபின் இறகு விரிந்து காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை தொடாமல் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.